ஒரே பட்டம், வேறு வேறு கட்டணம்: உங்கள் பிள்ளை எந்தப் பிரிவில் சேர்கிறார்?

ஜொகூர் பாரு – எஸ்.பி.எம். முடிவுகள் வெளியானதும் பெற்றோர் முதலில் கேட்பது, "என்ன படிக்கலாம்?" என்பதுதான். அடுத்த கேள்வி, "எவ்வளவு ஆகும்?" இந்த இரண்டாவது கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. பொறியியலோ, கணக்கியலோ, மருத்துவமோ எதுவாக இருந்தாலும், மாணவர் எந்த வழியாகச் சேர்கிறார், எந்த நாட்டுக் குடிமகன், குடும்ப வருமானம் எவ்வளவு என்பதைப் பொறுத்தே அவர் கட்ட வேண்டிய தொகை அமையும். அருகருகே உட்கார்ந்து ஒரே விரிவுரையைக் கேட்கும் இரு மாணவர்களில் ஒருவர் மற்றவரைவிடப் பல மடங்கு கட்டணம் செலுத்துவதும் உண்டு.

தொழில்முறைப் படிப்புகளின் கட்டணம் எந்தெந்தப் பிரிவில் எப்படி மாறுகிறது, ஜொகூரில் உள்ள நம் குடும்பங்கள் கையெழுத்திடுவதற்கு முன் எவற்றைச் சரிபார்க்க வேண்டும் என்பதை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

முதல் பிரிவு: யூ.பி.யூ. வழியாகச் சேரும் மாணவர்

பொதுப் பல்கலைக்கழகங்களில் சேர அரசாங்கம் வைத்திருக்கும் பொது வாசல் யூ.பி.யூ. இணைய விண்ணப்பம். பல்கலைக்கழகம், பொலிடெக்னிக், சமூகக் கல்லூரி என எல்லாவற்றுக்கும் இதில் விண்ணப்பிக்கலாம். மலேசியக் குடிமக்கள் மட்டுமே விண்ணப்பிக்க முடியும். இந்த வழியில் இடம் கிடைத்தால் படிப்புச் செலவில் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்றுக்கொள்கிறது. மாணவர் கட்டுவது மிஞ்சிய சிறு பகுதிதான். மருத்துவம், பல் மருத்துவம் போன்ற செலவு மிகுந்த படிப்புகளுக்கும் இதுவே நடைமுறை.

ஜொகூரில் ஸ்கூடாயில் இருக்கும் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் யூ.டி.எம்., பத்து பஹாட் பாரிட் ராஜாவில் இருக்கும் துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகம் யூ.டி.எச்.எம். ஆகிய இரண்டும் பொறியியலுக்குப் பெயர்பெற்றவை. பாகோ உயர்கல்வி மையத்திலும் இவற்றின் வளாகங்கள் உள்ளன.

பொலிடெக்னிக்கின் கல்விக் கட்டணம் ஒரு பருவத்துக்கு 200 ரிங்கிட். விடுதி, பதிவுச் செலவு தனி. பாசிர் கூடாங்கில் இப்ராஹிம் சுல்தான் பொலிடெக்னிக், மெர்சிங் பொலிடெக்னிக், பாகோவில் துன் சைட் நாசிர் பொலிடெக்னிக் ஆகியவை நம் மாநிலத்திலேயே உள்ளன. பொலிடெக்னிக் டிப்ளோமாவில் நல்ல புள்ளி எடுத்தவர் மீண்டும் யூ.பி.யூ. வழியாகவே பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். எஸ்.பி.எம்.மில் சுமாராகச் செய்த பிள்ளைக்குக் குறைந்த செலவில் கிடைக்கும் இரண்டாவது வாய்ப்பு இது. "பொலிடெக்னிக்தானா?" என்று முகம் சுளிக்கும் பெற்றோர் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும்.

கட்டணம் தீர்மானமாவது எஸ்.பி.எம். முடிந்த அந்தச் சில வாரங்களில்

பட்டப்படிப்பின் விலை பல்கலைக்கழகத்தில் சேரும் நாளன்று தீர்மானமாவதாகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது எஸ்.பி.எம். முடிந்த கையோடு எடுக்கும் முடிவிலேயே பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

அரசாங்கப் பள்ளியில் படிவம் 6 படித்து எஸ்.டி.பி.எம். எழுதுபவருக்கும், மெட்ரிகுலேஷன் கல்லூரியில் படிப்பவருக்கும் பொதுப் பல்கலைக்கழக வாசல் திறந்தே இருக்கிறது. படிவம் 6க்குச் செலவு மிகக் குறைவு. மெட்ரிகுலேஷனில் அரசாங்கம் உதவித்தொகையும் தருகிறது. ஜொகூர் மெட்ரிகுலேஷன் கல்லூரி தங்காக்கில் உள்ளது. மெட்ரிகுலேஷன் இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ரா மாணவர்களுக்கும் 10 விழுக்காடு மற்றவர்களுக்கும் என்ற ஒதுக்கீடு நீண்ட காலமாக இருந்து வருகிறது. எஸ்.பி.எம்.மில் 10ஏ அல்லது அதற்கு மேல் பெற்ற எல்லா இன மாணவர்களுக்கும் இடம் வழங்கப்படும் என்று 2024 ஜூன் மாதம் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். இந்த 10ஏ கணக்கில் ஏ கழித்தல் எவ்வாறு எடுத்துக்கொள்ளப்படுகிறது என்பதை விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தனியார் கல்லூரியின் ஓராண்டு அடிப்படைப் படிப்பு, பெரும்பாலும் அந்தக் கல்லூரியின் பட்டப்படிப்புக்கோ மற்றொரு தனியார் கல்விக்கூடத்துக்கோதான் இட்டுச் செல்லும். முகவர் வீடு தேடி வந்து, "அடிப்படைப் படிப்புக்குக் கட்டணக் கழிவு உண்டு" என்று சொல்லும்போது, கழிவு அந்த ஓராண்டுக்கு மட்டும்தான் என்பதையும், அதன் பிறகு மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் முழுக் கட்டணம் காத்திருக்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. மெட்ரிகுலேஷன் முடிவும் யூ.பி.யூ. முடிவும் வெளியாகும்வரை பொறுத்திருந்து முடிவெடுப்பது நல்லது. விரும்பிய இடம் கிடைக்காவிட்டால் மேல்முறையீடு செய்யவும் வழி உண்டு. அதற்கான கால அவகாசம் குறுகியது என்பதால் அறிவிப்பு வந்த அன்றே விண்ணப்பித்துவிட வேண்டும்.

இரண்டாவது பிரிவு: அதே பல்கலைக்கழகம், திறந்த வழி

சில பொதுப் பல்கலைக்கழகங்கள் யூ.பி.யூ.வுக்கு அப்பால் நேரடியாகவும் மாணவர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இதற்கு 'சாத்து' என்று பெயர். யூ.டி.எம்.மின் கீழ் இயங்கும் யூ.டி.எம். ஸ்பேஸ், தனிக் கட்டண விகிதத்தில் டிப்ளோமா உள்ளிட்ட படிப்புகளை நடத்துகிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் ஒன்றுதான். ஆனால் இந்த வழியில் சேரும் மாணவருக்கு அரசாங்க மானியம் இல்லாததால் கட்டணம் பல மடங்கு உயர்ந்துவிடும்.

2025இல் எஸ்.டி.பி.எம்.மில் 4.0 புள்ளி பெற்ற மாணவர் ஒருவருக்கு யூ.பி.யூ. வழியாக விரும்பிய கணக்கியல் படிப்பு கிடைக்காத விவகாரம் நாட்டில் பெரும் விவாதமானது. திறந்த வழியில் அந்தப் படிப்புக்கு ஆகும் கட்டணமும் அப்போது பேசுபொருளானது. நம் பெற்றோர் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் எளிமையானது. "யூ.டி.எம்.மில் இடம் கிடைத்துவிட்டது", "மலாயாப் பல்கலைக்கழகத்தில் கிடைத்துவிட்டது" என்று மகிழ்வதற்கு முன், வந்திருக்கும் கடிதம் யூ.பி.யூ. இடத்துக்கானதா, திறந்த வழி இடத்துக்கானதா என்று பாருங்கள். கடிதத்தின் தலைப்பையும் இணைத்திருக்கும் கட்டண அட்டவணையையும் படித்தாலே தெரிந்துவிடும்.

மூன்றாவது பிரிவு: தனியார் கல்விக்கூட மாணவர்

தனியார் கட்டணத்தில் அரசாங்க மானியம் இல்லை. ஜொகூரில் இதன் உச்சம் மருத்துவம். இஸ்கண்டார் புத்ரியில் எடுசிட்டி வளாகத்தில் உள்ள நியூகாசல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஐந்தாண்டு எம்.பி.பி.எஸ். படிப்புக்கு மலேசிய மாணவருக்கான கட்டணம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் ரிங்கிட். வெளிநாட்டு மாணவருக்கு அதைவிட அதிகம்.

இதைத் தோட்டத் தொழிலாளியின் கணக்கில் பார்ப்போம். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். ஆண்டுக்கு 20,400 ரிங்கிட். ஒரு காசுகூடச் செலவழிக்காமல் ஐந்தாண்டுகள் சேர்த்தால் 102,000 ரிங்கிட் வரும். அதாவது ஐந்தாண்டுச் சம்பளம், ஓராண்டு மருத்துவக் கட்டணத்துக்குச் சரியாகப் போய்விடும். மருத்துவர் ஆக வேண்டும் என்ற ஆசையுள்ள தோட்டத்துப் பிள்ளைக்கு எஸ்.டி.பி.எம்.மும் மெட்ரிகுலேஷனும் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

பொறியியல், கணக்கியல், சட்டம் ஆகியவற்றில் தனியார் கட்டணம் கல்லூரிக்குக் கல்லூரி பெரிதும் மாறுபடும். பிரிட்டிஷ் பல்கலைக்கழகக் கிளைகளில் கூடுதலாகவும், ஸ்கூடாயில் உள்ள சதர்ன் பல்கலைக்கழகக் கல்லூரி போன்ற சமூக முயற்சியில் வளர்ந்த கல்விக்கூடங்களில் குறைவாகவும் இருக்கும். எதுவாக இருந்தாலும், விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இருப்பது கல்விக் கட்டணம் மட்டுமே. அதோடு சேர வேண்டியவை இவை:

• பதிவுக் கட்டணம், திரும்பப் பெறக்கூடிய முன்பணம்
• ஆய்வுக்கூடம், நூலகம், தேர்வுக் கட்டணங்கள்
• மருத்துவம், தாதிமை போன்றவற்றில் மருத்துவமனைப் பயிற்சிக்கான செலவு
• விடுதி, போக்குவரத்து, மடிக்கணினி
• ஒரு பாடத்தில் தோற்றால் அதை மீண்டும் எடுப்பதற்கான கட்டணம்

ஆண்டுதோறும் கட்டணம் உயருமா, சேரும் ஆண்டின் கட்டணமே கடைசிவரை நிற்குமா என்பதையும் எழுத்து வடிவில் கேட்டு வாங்குங்கள். கல்லூரி தரும் உதவிச் சம்பளத்துக்குப் பெரும்பாலும் புள்ளி நிபந்தனை உண்டு. ஒரு பருவத்தில் புள்ளி இறங்கினால் அந்தச் சலுகை நின்றுபோகக்கூடும்.

நான்காவது பிரிவு: சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருப்பவர்

நம் சமூகத்தில் இதைப் பற்றிப் பேசத் தயங்குகிறோம். இந்த மண்ணிலேயே பிறந்து, தமிழ்ப்பள்ளியிலும் இடைநிலைப்பள்ளியிலும் படித்து வளர்ந்திருந்தும், ஆவணப் பிரச்சினையால் சிவப்பு அடையாளக் கார்டுடன் அல்லது குடியுரிமை இல்லாமல் இருக்கும் பிள்ளைகள் தோட்டப்புறங்களிலும் நகர்ப்புறங்களிலும் உண்டு. யூ.பி.யூ. வழி இவர்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. பி.டி.பி.டி.என். கடனும் இல்லை. அவர்களுக்கு எஞ்சுவது தனியார் கல்லூரி. அங்கும் குடியுரிமை இல்லை என்ற காரணத்தால் வெளிநாட்டு மாணவர் விகிதம் கேட்கப்படலாம். 2025 ஜூலை 1 முதல், தனியார் உயர்கல்விக்கூடங்களில் பயிலும் குடிமக்கள் அல்லாதாரின் கட்டணத்துக்கு 6 விழுக்காடு சேவை வரியும் விதிக்கப்படுகிறது. மலேசியக் குடிமக்களுக்கு அந்த வரி கிடையாது.

ஆகவே குடியுரிமை விண்ணப்பத்தைப் படிவம் 5 முடியும்வரை தள்ளிப்போடாதீர்கள். விண்ணப்பம் முடிவாக ஆண்டுக்கணக்கில் ஆகலாம். பிள்ளை ஆரம்பப்பள்ளியில் இருக்கும்போதே பிறப்புப் பத்திரத்தையும் பெற்றோரின் திருமணப் பதிவையும் சரிபார்த்து, தேசியப் பதிவிலாகாவை அணுகுங்கள். பெற்றோரின் திருமணம் பதிவு செய்யப்படாமல் விட்டது, பதினெட்டு ஆண்டுகள் கழித்து பிள்ளையின் கல்லூரிக் கட்டணமாக வந்து நிற்கும்.

கடனும் பிரிவைப் பார்த்தே

1997இல் தொடங்கப்பட்ட தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் பி.டி.பி.டி.என். தரும் கடனும் எல்லாருக்கும் ஒன்றல்ல. எஸ்.டி.ஆர். எனப்படும் ரஹ்மா உதவித்தொகை பெறும் குடும்பத்து மாணவருக்கு முழு அளவு. எஸ்.டி.ஆர். பெறாத, மாத வருமானம் 8,000 ரிங்கிட்டைத் தாண்டாத குடும்பத்துக்கு 75 விழுக்காடு. 8,000 ரிங்கிட்டுக்கு மேல் இருந்தால் 50 விழுக்காடு. ஒரு படிப்புக்கான உச்சக் கடன் ஆண்டுக்கு 10,000 ரிங்கிட் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொண்டால், மூன்று குடும்பங்களுக்கும் முறையே 10,000, 7,500, 5,000 ரிங்கிட் கிடைக்கும்.

ஜொகூர் மக்கள் இதில் தனிக் கவனம் செலுத்த வேண்டும். பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் தந்தை மாதம் 2,700 சிங்கப்பூர் வெள்ளி சம்பாதிப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு 3 ரிங்கிட் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 8,100 ரிங்கிட் ஆகிறது. காகிதத்தில் அந்தக் குடும்பம் உயர்ந்த வருமானப் பிரிவுக்குப் போய்விடும். பிள்ளையின் கடன் பாதியாகக் குறையும். பஸ் கட்டணம், சாப்பாடு, அங்கு அறை எடுத்துத் தங்கினால் வாடகை ஆகியவை போகக் கையில் நிற்பது எவ்வளவு என்பதை அந்தக் கணக்கு பார்ப்பதில்லை. இப்படிப்பட்ட குடும்பங்கள் முழுக் கடன் வரும் என்று நம்பித் தனியார் கல்லூரியில் சேர்த்துவிட்டு, இரண்டாம் பருவத்தில் திண்டாட நேரிடும்.

மறுபுறம், 5,000 ரிங்கிட்டுக்கு உட்பட்ட வருமானம் இருந்தும் எஸ்.டி.ஆர். விண்ணப்பத்தைப் புதுப்பிக்காமல் விட்ட குடும்பங்கள், முழுக் கடனுக்கான தகுதியை வீணாக இழக்கின்றன. எஸ்.டி.ஆர். என்பது கையில் வரும் சில நூறு ரிங்கிட் மட்டுமல்ல. பிள்ளையின் கல்விக் கடன் பிரிவையும் அதுவே காட்டுகிறது.

பி.டி.பி.டி.என். விண்ணப்பத்துக்கு முன் மாணவர் பெயரில் எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு திறந்திருக்க வேண்டும். கடன் பணம் பதிவு நாளன்றே வந்துவிடாது. முதல் சில வாரங்களுக்கான ரொக்கத்தைக் குடும்பம் தயாராக வைத்திருக்க வேண்டும். கடனுக்கு ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணம் உண்டு. முதல் வகுப்புச் சிறப்புத் தேர்ச்சி பெறுவோருக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, கடனைத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்கும் உண்டு.

நம் குடும்பங்கள் தட்ட வேண்டிய மற்றக் கதவுகள்

ஊழியர் சேமநிதி இ.பி.எப்.: 2024 மே 11 முதல் சேமிப்பு மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அதில் செஜாத்ரா கணக்கிலிருந்து பிள்ளைகளின் உயர்கல்விக் கட்டணத்துக்குப் பணம் எடுக்கலாம். இது ஓய்வுக்காலப் பணம் என்பதால், கட்டணம் குறைந்த வழி எதுவும் இல்லை என்று உறுதியான பிறகே இதைத் தொடுவது நல்லது.

சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ: வேலையிடத்தில் விபத்துக்குள்ளானவர், வேலை செய்ய இயலாத நிலையில் ஓய்வூதியம் பெறுபவர், இறந்துவிட்ட சந்தாதாரர் ஆகியோரின் பிள்ளைகளுக்குக் கல்விக் கடன் வசதி உள்ளது. தகுதி இருந்தும் கேட்காமல் விடும் குடும்பங்கள் உண்டு.

தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம்: துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய இச்சங்கத்தில் உறுப்பினராக உள்ள தோட்டத் தொழிலாளர்கள், தங்கள் பிள்ளைகளுக்கான கல்வி உதவி பற்றி விசாரிக்கலாம். தாத்தா பாட்டி காலத்துப் பங்கு வீட்டில் எங்காவது இருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள்.

பொதுச் சேவைத் துறை ஜே.பி.ஏ. உபகாரச் சம்பளம், ஜொகூர் கல்வி அறவாரியம், ம.இ.கா.வின் கல்விக்கரமான எம்.ஐ.இ.டி., இந்தியர் உருமாற்றப் பிரிவான மித்ரா ஆகியவையும் உள்ளன. இவற்றின் தொகையும் தகுதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்தே விண்ணப்பிக்க வேண்டும். மாற்றுத்திறனாளி மாணவர்கள் மாற்றுத்திறனாளி அட்டை வைத்திருந்தால் உயர்கல்வி அமைச்சின் தனி நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம்.

பாலத்துக்கு அப்பாலும் கடலுக்கு அப்பாலும்

கட்டணத்தைப் பிரிவாகப் பிரிப்பது மலேசியாவின் வழக்கம் மட்டுமல்ல. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் சிங்கப்பூர்க் குடிமகன், நிரந்தரவாசி, வெளிநாட்டு மாணவர் என்று தனித்தனி விகிதம் உண்டு. வெளிநாட்டு மாணவருக்கும் அந்நாட்டுக் கல்வி அமைச்சு கட்டண மானியம் தருகிறது. அதை ஏற்றால், படிப்பு முடிந்து மூன்று ஆண்டுகள் சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம் போட வேண்டும். மருத்துவம் போன்ற படிப்புகளுக்கு ஒப்பந்தக் காலம் இதைவிட நீளும். ஜொகூர் பிள்ளைகளுக்கு இது நல்ல வாய்ப்பு, ஆனால் ஒப்பந்தத்தை முறித்தால் பணம் திருப்பிக் கட்ட வேண்டிவரும்.

தமிழ்நாட்டுக்குப் பிள்ளையை அனுப்ப நினைப்போர், அங்கு தனியார் தொழிற்கல்லூரிகளில் அரசு ஒதுக்கீடு, நிர்வாக ஒதுக்கீடு, என்.ஆர்.ஐ. ஒதுக்கீடு என்று மூன்று விலை இருப்பதை அறிந்திருக்க வேண்டும். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 2020இல் மருத்துவத்திலும் 2021இல் பொறியியல் உள்ளிட்ட படிப்புகளிலும் தமிழக அரசு 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கியது. அந்தச் சலுகைகள் நமக்கு இல்லை. 2005ஆம் ஆண்டின் இனாம்தார் வழக்குத் தீர்ப்பில் இந்திய உச்ச நீதிமன்றம் என்.ஆர்.ஐ. இடங்களை 15 விழுக்காட்டுக்குள் அடக்கியது. ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கும் மலேசியர்களும், 2021 மார்ச் 4 அறிவிக்கையின்படி, இந்தியக் குடிமக்களுக்கு மட்டும் என ஒதுக்கப்பட்ட இடங்களைக் கோர முடியாது. அவர்களுக்கு உரியது என்.ஆர்.ஐ. போன்ற இடங்களே. மூன்று விலைகளில் உயர்ந்ததும் அதுதான். மருத்துவத்துக்கு நீட் தேர்வும் எழுத வேண்டும். "சொந்தக்காரர் ஊரில் இருக்கிறார், மலிவாக முடித்துவிடலாம்" என்ற எண்ணத்தோடு கிளம்புவதற்கு முன் இதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

அங்கீகாரம் இல்லையேல் கட்டணம் முழுவதும் நட்டம்

மலிவோ விலையோ, தொழில் செய்யும் உரிமை தராத பட்டத்துக்குக் கட்டிய பணம் திரும்பி வராது. எல்லாப் படிப்புக்கும் எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி நிறுவனத்தின் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு மேல், மருத்துவத்துக்கு மலேசிய மருத்துவ மன்றம், பல் மருத்துவத்துக்குப் பல் மருத்துவ மன்றம், மருந்தியலுக்கு மருந்தியல் வாரியம், பொறியியலுக்கு மலேசியப் பொறியியலாளர் வாரியம், தாதிமைக்குத் தாதிமை வாரியம் ஆகியவற்றின் அங்கீகாரம் வேண்டும். சட்டத்தில், மலாயாப் பல்கலைக்கழகம் போன்ற உள்நாட்டுப் பொதுப் பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்குத் தேவைப்படாத சி.எல்.பி. தேர்வை, பிரிட்டிஷ் சட்டப் பட்டம் பெற்றவர் எழுத வேண்டும். அந்த ஓராண்டின் செலவும் பட்டத்தின் விலையில் சேர்ந்ததுதான்.

கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை

1. இந்த இடம் யூ.பி.யூ. வழியா, திறந்த வழியா, தனியாரா?
2. கடைசி ஆண்டுவரை மொத்தம் எவ்வளவு? அதை எழுத்து வடிவில் தருவீர்களா?
3. எங்கள் வருமானப் பிரிவுக்கு பி.டி.பி.டி.என். எத்தனை விழுக்காடு தரும்? மீதி எங்கிருந்து வரும்?
4. உதவிச் சம்பளம் எந்தப் புள்ளிக்குக் கீழே போனால் நிற்கும்?
5. இப்போது பணம் கட்டி, பிறகு யூ.பி.யூ. இடம் கிடைத்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?
6. எம்.கியூ.ஏ. பதிவும் தொழில் வாரிய அங்கீகாரமும் இன்றைய நிலையில் உள்ளனவா?

இந்த ஆறு கேள்விகளுக்கும் தெளிவான பதில் தராத முகவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். "இன்றைக்கே கட்டினால் கழிவு" என்பார்கள். ஒரு வாரம் பொறுத்து, பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் ஒரு முறை காட்டிவிட்டு வருவதால் போகும் கழிவு சில நூறு ரிங்கிட்தான். பிரிவு தெரியாமல் சேர்ந்தால் போவது பல்லாயிரம் ரிங்கிட். அதைப் பிள்ளை வேலைக்குப் போன பிறகும் பல ஆண்டுகள் கட்டிக்கொண்டிருக்க நேரிடும்.